கீப்பு முடிச்சுகள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நூலேணி:
2022 கடைசியில் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சிலி நாட்டுக் கலைஞர் செசிலியா விகுன்யாவின் கீப்பு தொங்கியதே, சிலராவது பார்த்திருப்பீர்கள். கீப்பு என்றால் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மக்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுச் செய்தி பதிந்த முறை. 27 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று கம்பளியும் கயிறும் இறங்கும். எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கண் கம்பளிக்குள் கட்டியிருந்த ஒரு களிமண் புகைக்குழாய்த் துண்டிலேயே நின்றுவிட்டது. இங்கே வாழும் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் தேம்ஸ் கரையில் பொறுக்கிய பொருள்களும் அதில் சேர்ந்திருந்தன. புகையிலை அவர்கள் மண்ணிலிருந்து கப்பலேறி வந்தது. லண்டன்காரன் பிடித்துவிட்டு வீசிய குழாயை, ஸ்பானியர் ஒழிக்கப் பார்த்த முடிச்சோடு அவர்களே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பனங்காடு:
நானும் பார்த்தேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அசல் கீப்பில் முடிச்சுகள் எண்களைக் குறிக்கும். அமெரிக்க ஆய்வாளர் லேலண்ட் லாக் 1912லேயே அதைக் காட்டிவிட்டார். இன்கா அரசின் வரி, குடிக்கணக்கு, களஞ்சிய இருப்பு எல்லாம் கயிற்றில்தான் இருந்தன. விகுன்யாவின் முடிச்சை எண்ணி எதையும் படிக்க முடியாது. அந்த மக்களின் அறிவை வெறும் அலங்காரமாக்கிவிடுமோ என்று அங்கே நிற்கும்போதே உறுத்தியது. கணக்கைக் கணக்காகவே மதிப்போமே.

மலைத்தேன்:
பனங்காடு, வெறும் கணக்கு என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? பெருவில் கொயாட்டா என்ற மலைக் கிராமத்தார் பெட்டியில் பூட்டிக் காத்த கீப்புகளை மானிடவியலாளர் சபைன் ஹைலண்ட் ஆராய்ந்து 2017இல் எழுதினார். அவை தலைவர்கள் போரைப் பற்றி அனுப்பிய கடிதங்கள் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நிறம், இழை, முறுக்கும் திசை சேர்ந்து 95 குறிகள். எந்த விலங்கின் முடி என்பதை விரலால் தடவித்தான் அறிய முடியும்.

பெருவின் தலைநகர் லிமாவில் லார்கோ அருங்காட்சியகத்தில் என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கயிறு உருட்டுவதுபோல் உருண்டுகொண்டே இருந்தன. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இன்னொன்று. 1578இல் கொல்லத்தில் கத்தோலிக்கப் பாதிரிமார் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார்கள். ஐந்தே வருஷத்தில், 1583இல், அதே திருச்சபையின் ஆயர்கள் கூடிய லிமா சங்கம் பழைய சடங்குகளைச் சொல்லும் கீப்புகளை அழிக்கச் சொன்னது. பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் முடிச்சுப் போட்டு வரலாமாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டல்:
நானும் லார்கோவில் பார்த்தேன், ஒரு கீப்பின் முன்னாலேயே வெகுநேரம் நின்றேன். சண்டை இருக்கட்டும், கீப்பு பார்க்கப் போகிறவர்கள் முதலில் வீட்டில் ஒரு கீப்பு கட்டிப் பாருங்கள். தடிமனான கயிறு ஒன்று குறுக்கே, அதிலிருந்து மெல்லிய பருத்திக் கயிறு கீழே. 347 வேண்டுமா? மேலே மூன்று தனி முடிச்சு, அது நூறுகள். கொஞ்சம் இடம் விட்டு நான்கு, அது பத்துகள். அடியில் ஏழு சுற்றுச் சுற்றி இழுத்த ஒரே நீள முடிச்சு, அது ஒன்றுகள். பூஜ்யம் என்றால் அந்த இடத்தில் முடிச்சே கிடையாது. அதனால் எல்லாக் கயிறுகளிலும் பத்துகள் ஒரே மட்டத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடும். அடியில் 1 வந்தால் நீள முடிச்சு நிற்காது, அதற்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சுப் போடுங்கள். வழுக்கும் நைலான் வேண்டாம்.