எழுத்து அளவை ஆப்புக்குள் பூட்டி வைக்கலாமா?

மொபைல்காரன்:
மருந்து ஆர்டர் செய்யும் ஆப் ஒன்று, ஆண்ட்ராய்டு, கோட்லின் மொழி, ஸ்கிரீன் அமைப்பை ஃபைலில் எழுதிவைக்கும் பழைய எக்ஸ்எம்எல் லேஅவுட். போன் செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களிடம் ஸ்கிரீன் கலைந்து போகிறது, பட்டனில் பாதி எழுத்துதான் தெரிகிறது, விலை ஒரு வரியிலும் காசு அடுத்த வரியிலும் நிற்கிறது. எஸ்பியில் (போனின் எழுத்து செட்டிங்கோடு சேர்ந்து வளரும் அலகு) இருக்கும் எழுத்து அளவையெல்லாம் டிபிக்கு (அந்த செட்டிங்கைக் கண்டுகொள்ளாத அலகு) மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். அப்போது செட்டிங் என்னவாக இருந்தாலும் டிசைனர் வரைந்தபடியே தெரியும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இரவுக்குருவி:
எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. அந்த செட்டிங்கைத் தேடிப் போய் மாற்றியவருக்குச் சின்ன எழுத்து தெரியவில்லை, அதனால்தான் மாற்றினார். அதுவும் மருந்து ஆப்! 5 மில்லிகிராமா 50 மில்லிகிராமா என்று அவர் படித்தாக வேண்டும். ஆண்ட்ராய்டு 14-இல் கூகுள் 200 சதவீதம் வரை பெரிதாக்க விட்டிருக்கிறது, அதற்கு முன் பிக்சல் போன்களில் 130தான் உச்சம். ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதே டைனமிக் டைப், அதாவது பயனர் வைத்த அளவுக்கு ஆப்பின் எழுத்தும் மாறும் வசதி, வந்துவிட்டது. உங்கள் பட்டன் உடைவதற்குக் காரணம் அதன் உயரத்தை 48 டிபி என்று அடித்து வைத்திருப்பது. 48 என்பது விரல் படுவதற்கான குறைந்தபட்ச அளவு. அதை மின்ஹைட்டில் (குறைந்தபட்ச உயரம்) போட்டு, உயரத்தை ராப்கன்டென்ட் (உள்ளே இருப்பதற்கு ஏற்ற அளவு) ஆக்கி, மேலும் கீழும் பேடிங் (உள் இடைவெளி) கொடுங்கள், எழுத்தோடு சேர்ந்து பட்டனும் வளரும்.

பழைய கீபோர்டு:
பட்டனுக்குச் சரி. கீழே இருக்கும் டேப் பாருக்கு என்ன செய்வீர்கள்? 360 டிபி அகலத்தில் 5 டேப் என்றால் ஒன்றுக்கு 72 டிபி, அதற்குள் இரு மடங்கு எழுத்து எப்படி அடங்கும்? ஆப்பிளே டேப் பார் எழுத்தை வளர விடுவதில்லை, பெரிய அளவு வைத்தவர் அழுத்திப் பிடித்தால் நடுவில் பெரிதாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். டிபிக்கு மாற்றுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஃபான்ட்ஸ்கேலை (எழுத்து பெருகும் விகிதம்) 1.3க்கு, அதாவது 130 சதவீதத்துக்கு மேல் போகாமல் ஆப் முழுக்க நிறுத்தி வைப்பதில் தவறே இல்லை.

மொபைல்காரன்:
அதுதான் எனக்கும் தோது. டீமில் இரண்டே பேர், ஒவ்வொரு ஸ்கிரீனையும் 200-இல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ரிலீஸ் எப்போது போவது?

இரவுக்குருவி:
டேப் பார் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அங்கே மட்டும் உச்சவரம்பு வையுங்கள். ஆப் முழுக்க 1.3 என்பதை ஏற்கமாட்டேன், மருந்தின் பெயரும் அளவும் காலாவதித் தேதியும் முழுதாக வளரத்தான் வேண்டும். இன்னொன்று, ஆண்ட்ராய்டு 14 எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்குவதில்லை, சின்ன எழுத்து நன்றாக வளரும், ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்பு குறைவாகத்தான் வளரும், அதனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஸ்கிரீன் வெடிக்காது. அப்புறம், தமிழ் சேர்க்கும் எண்ணம் இருக்கிறதா?

மொபைல்காரன்:
அடுத்த வெர்ஷனில்.

இரவுக்குருவி:
அப்படியென்றால் பூட்டிவைத்தாலும் தப்பிக்க முடியாது. ஆப்பின் டார்கெட் (எந்த வெர்ஷனின் விதிப்படி ஓட வேண்டும் என்று ஆப் சொல்வது) ஆண்ட்ராய்டு 15 ஆனதும், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்வியூவில் எலிகன்ட்டெக்ஸ்ட்ஹைட் என்ற செட்டிங் தானாகவே ட்ரூ ஆகிவிடும், அதுவரை தமிழுக்கு வந்துகொண்டிருந்த நெருக்கமான ஃபான்டுக்குப் பதில் உயரமான ஃபான்ட் வரும், வரி உயரம் கூடும். 16-ஐ டார்கெட் செய்தால் அதை ஃபால்ஸ் என்று போட்டாலும் கண்டுகொள்ளாது. உயரம் அடித்து வைத்த பெட்டியில் எழுத்துக்கு மேலே இருக்கும் புள்ளியும் ‘கி’யின் மேல் வளைவும் வெட்டுப்படும், லேபிள்களும் ஆங்கிலத்தைவிட நீளமாக வரும். இன்று உயரத்தை அவிழ்த்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

பழைய கீபோர்டு:
தமிழ் ஃபான்ட் விஷயம் சரியான பாயின்ட், அதற்காகவாவது உயரங்களை அவிழ்க்கத்தான் வேண்டும். ஆனாலும் இரண்டு பேர் டீமுக்கு முதல் ரிலீஸில் 1.3 நியாயம்தான் என்பேன்.

மொபைல்காரன்:
மருந்து விவரம், கார்ட் (வாங்கும் கூடை), பணம் கட்டும் ஸ்கிரீன், இந்த மூன்றையும் உயரம் அவிழ்த்து 200-இல் பார்த்துவிடுகிறேன். விலையைப் பெயருக்குப் பக்கத்தில் வைக்காமல் கீழே இறக்கிவிடலாம். மற்ற ஸ்கிரீன்களுக்கு இப்போதைக்கு 1.3. டிபிக்கு மாற்றவில்லை.

இரவுக்குருவி:
ஆர்டர் ஹிஸ்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் வாங்கிய மாத்திரையைத் திரும்ப வாங்குபவர் அங்கேதான் வருவார்.