ஊர் நடுவுல ஓப்பன் நீச்சல்குளம்: தேவையா, தண்டச்செலவா?

ஈரத்துண்டு
நகர மையத்துல ஒரு இடம் காலியாச்சுன்னா உடனே ரெண்டே ஐடியாதான் வருது, ஒண்ணு ஷாப்பிங் காம்ப்ளக்ஸ், இல்லேன்னா அடுக்குமாடி பார்க்கிங். ஏன் ஒரு திறந்தவெளி நீச்சல்குளம் கட்டக்கூடாது? கூரை, ஏசி எதுவும் வேண்டாம், 25 மீட்டர்ல ஒண்ணு, பக்கத்துல இடுப்பளவு தண்ணில பசங்க கத்துக்க ஒண்ணு, டிக்கெட் கம்மியா இருக்கணும், அவ்ளோதான். ஊருக்கு வெளிய கட்டினா கார் வச்சிருக்கவன்தான் போவான், நடுவுல இருந்தா ஸ்கூல் விட்ட பசங்க பஸ்லயே வந்துட்டு போயிடலாம். எதிர்க்கிறவங்க காரணத்தோட சொல்லுங்க, சும்மா "வேஸ்ட்"னு ஒத்த வார்த்தை போட்டுட்டு ஓடாதீங்க.

வரிகட்டுறவன்
காரணம்தானே, இந்தாங்க. ஒலிம்பிக் சைஸ்னா 50க்கு 25, ஆழம் 2 மீட்டர்னு வச்சாலே 25 லட்சம் லிட்டர். குழாய்ல தண்ணி வராம ஜனங்க காத்துக்கிடக்குற கோடைலதான் உங்க குளத்துக்கும் கூட்டம் வரும், அப்பதான் அதுக்கும் தண்ணி வேணும். அதுபோக சென்டர்ல இருக்கிற நிலத்தோட மதிப்பு என்ன, அதுல பகல்ல நானூறு ஐநூறு பேர் குளிச்சுட்டு போறதுக்கா?

ஈரத்துண்டு
நான் 25 மீட்டர்னு எழுதினா நீங்க ஒலிம்பிக் கணக்கு போடுறீங்களே ப்ரோ. 25க்கு 12.5, சராசரி ஆழம் 1.4ன்னா கிட்டத்தட்ட 4.4 லட்சம் லிட்டர். அதுவும் தினமும் கொட்டிட்டு ரொப்புற தண்ணி இல்ல, ஒரே தண்ணிதான் ஃபில்டர் வழியா சுத்திக்கிட்டே இருக்கும்.

பம்ப்ரூம்
நான் இந்த வேலைலயே இருந்தவன், அதனால ரெண்டு பேர் சொல்றதையும் கொஞ்சம் திருத்துறேன். நல்ல வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும்னு வைங்க, அந்த 25 மீட்டர் குளத்துல அது சுமார் 1,500 லிட்டர்தான், ராத்திரி மூடி போட்டா இன்னும் குறையும். தண்ணி நிஜமா போற இடம் பேக்வாஷ். மணல் ஃபில்டர் அடைச்சுக்கும்போது தண்ணிய தலைகீழா அனுப்பி கழுவணும், பைப்புல ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதுல முதல்ல டீ கலர்ல ஓடும், அப்புறம் மஞ்சள், அப்புறம் தெளியும், தெளியுற வரைக்கும் விடணும், ஒரு தடவைக்கே சில ஆயிரம் லிட்டர் சாக்கடைக்கு போயிடும். அதை தொட்டில பிடிச்சு வச்சு குளோரின் இறங்கினதும் மரத்துக்கு விடலாம், ஆனா அந்த தொட்டியை முதல் நாளே பிளான்ல போடணும், பின்னாடி போடுறேன்னா யாரும் போடமாட்டாங்க.

ஓப்பன் குளத்துக்கு இன்னொரு தலைவலி வெயில். சூரிய ஒளி பட்டா குளோரின் ரெண்டு மணி நேரத்துல பெரும்பகுதி செத்துடும், அதுக்குத்தான் சயனூரிக் ஆசிட் சேர்க்குறது, அதுவும் அளவுக்கு மீறினா குளோரின் வேலை செய்யறதே மந்தமாயிடும். நீச்சல்குளத்துல மூக்கைத் துளைக்கிற வாடை வந்தா "குளோரின் ஜாஸ்தி போட்டுட்டாங்க"ன்னு திட்டுவாங்க, உண்மைல அது வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்து உண்டாகுற குளோரமைன். அந்த விஷயத்துல கூரை இல்லாத குளம் தேவலாம், காத்துல கலைஞ்சுடும்.

சோம்பேறிசிங்கம்
இதைப் படிச்சதுக்கப்புறம் நான் பக்கெட்லயே குளிச்சுக்கறேன் 🙏

வரிகட்டுறவன்
பம்ப்ரூம் அண்ணே, நீங்க எனக்குத்தான் பாயின்ட் எடுத்துக் கொடுக்குறீங்க. இவ்வளவு நுணுக்கமா பாத்துக்க ஆள் இருக்கும்னு யார் கேரண்டி? ரிப்பன் வெட்ட எல்லாரும் வருவாங்க, மோட்டர் ரிப்பேர் ஆனா ஒருத்தனும் வரமாட்டான். நியூயார்க்கையே எடுத்துக்கோங்க, 1936 கோடைல ஒரே நகரத்துல 11 பெரிய குளம் திறந்தாங்க, அதுல மெக்கேரன் குளம்னு ஒண்ணு, ஒரே நேரத்துல 6,800 பேர் இறங்கலாம்ங்கிற அளவுக்கு கட்டினது. 1984ல மூடினாங்க, திரும்ப தண்ணி விட்டது 2012ல, அதுக்கு ஆன செலவு சுமார் 5 கோடி டாலர். நடுவுல 28 வருஷம் ஊர் நடுவுல பாழாக் கிடந்துச்சு. அவ்வளவு பணக்கார ஊருக்கே இந்த கதி.

ஈரத்துண்டு
அதே கதைய நான் வேற மாதிரி படிப்பேன். 28 வருஷம் கழிச்சும் அவ்வளவு காசு போட்டு திரும்ப கட்டினாங்கன்னா ஜனங்களுக்கு அது வேணும்னுதானே அர்த்தம். மூடினப்ப திரும்ப திறக்கக்கூடாதுன்னு சண்டை போட்டதுல பக்கத்து தெரு ஆளுங்களும் உண்டு, வெறும் காசு பிரச்சினை மட்டும் இல்ல.

மாடிவீடு
பக்கத்து தெரு ஆளுன்னதும் வந்துட்டேன், ஏன்னா அந்த ஆளு நான்தான், அதாவது அந்த மாதிரி இடத்துல குடியிருக்கிறவன். காலைல ஆறு மணிக்கு விசில், சாயங்காலம் பசங்க கத்துறது, ராத்திரி ஃப்ளட்லைட், லீவு நாள்ல வண்டி முழுக்க எங்க கேட் முன்னாடி. நீச்சல் நல்லதுதான் சாமி, யாரு இல்லைன்னா, ஆனா ஆதரிக்கிறவங்க எல்லாம் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்துக்கிட்டு ஆதரிக்கிறீங்க.

கரையோரம்
உயிர்காப்பாளரா வேலை பாத்த ஆளா ஒண்ணு சொல்லணும். உலக சுகாதார அமைப்பு கணக்குப்படி 2021ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கி செத்திருக்காங்க, பத்துல ஒன்பது பேருக்கு மேல ஏழை, நடுத்தர வருமான நாடுகள்ல. இந்த நாடுகள்ல பசங்களுக்கு நீச்சல் கத்துக்க இடம் எங்க இருக்கு? ஸ்டார் ஹோட்டல்லயும் கிளப்லயும். சினிமால காட்டுற மாதிரி மூழ்குறவன் கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்தமாட்டான். தலை பின்னாடி சாயும், வாய் தண்ணி மட்டத்துல வந்து வந்து போகும், கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணிய அமுக்கும், சத்தமே வராது, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், பக்கத்துல நிக்கிறவன் பையன் விளையாடுறான்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். இதெல்லாம் கத்துக்கொடுக்க ஆழம் தெரிஞ்ச, அடி தெரியிற தண்ணி வேணும், ஆறும் கிணறும் அதுக்கு ஆகாது.

வரிகட்டுறவன்
மரியாதையோடவே கேக்குறேன். அந்த கணக்குலயே நாலுல ஒரு பங்கு அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்க. அதுங்க வீட்டு பக்கத்து குட்டை, தொட்டில தவறி விழுறது. அதுக்கு வேலி, மூடி, பகல்ல குழந்தைய பாத்துக்க ஒரு இடம்னு அதே அமைப்பே சொல்லுது. சிட்டி சென்டர்ல குளம் கட்டினா கிராமத்து குட்டைல விழற குழந்தை எப்படி பிழைக்கும்?

கரையோரம்
பிழைக்காது, உண்மைதான். ஆனா அதே பட்டியல்லதான் பள்ளி வயசு பசங்களுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணி பாதுகாப்பும் கத்துக்கொடுங்கன்னும் இருக்கு. லீவுல ஆத்துக்கு கும்பலா போயி ஒருத்தன் மாட்டிக்க, அவன காப்பாத்த குதிச்சு மீதி ரெண்டு பேரும் போறான் பாருங்க, நான் பேசுறது அந்த வயசு. குதிக்காத, கயித்தையோ துண்டையோ வீசுன்னு அவனுக்கு யாராவது ஒருத்தர் தண்ணி பக்கத்துல நிக்க வச்சு சொல்லிக்கொடுத்திருக்கணும்.

நிழல்மரம்
ஆண்கள் எல்லாம் லிட்டர் கணக்கு போட்டு முடிச்சாச்சுன்னா நான் ஒண்ணு கேக்கலாமா? "எல்லாருக்கும் பொது"ன்னு போர்டு வைக்கிறது ஈஸி. பெண்களுக்கு தனி நேரம்னு சொல்லிட்டு மதியம் பதினொண்ணுலருந்து பன்னெண்டு வரைக்கும் கொடுப்பாங்க, வேலைக்கு போறவ எப்படி வருவா, அப்புறம் "பெண்கள் யாரும் வரதில்ல"ன்னு அந்த ஒரு மணி நேரத்தையும் பிடுங்கிடுவாங்க. சுத்தி அடுக்குமாடி இருக்குற இடத்துல கூரை இல்லாத குளம்னா யார் யார் மாடில நின்னு பாப்பாங்கன்னு யோசிச்சீங்களா? உடை மாத்துற ரூம்ல தாழ்ப்பாள் இருக்குமா? இந்த நீச்சலுடை, புர்கினி (முகம் தவிர உடம்பு முழுக்க மூடுற நீச்சலுடை), முழுக்கை சண்டை எல்லாம் கேட்டுல நிக்கிறவன் இஷ்டமா, இல்ல எழுதி வச்ச விதியா?

பொதுக்குளம்னாலே யார் யாரோட ஒரே தண்ணில இறங்குறதுங்கிற சண்டைதான். அமெரிக்கால மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன்ல கறுப்பினத்தவங்களையும் சேர்த்துக்கணும்னு வந்தப்ப, நகராட்சி தன் குளங்கள மூடியே போட்டுடுச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1971ல 5-4ன்னு மூடினது செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. தண்ணி செலவுன்னு பேசுற எல்லார் மனசுலயும் தண்ணி மட்டும்தான் இருக்குன்னு நான் நம்பல, உங்கள சொல்லல வரிகட்டுறவன் சார், பொதுவா சொல்றேன்.

அப்புறம் நிழல். சுத்தி முழுக்க டைல்ஸ் ஒட்டி வச்சா மதியம் வெறுங்கால்ல நடக்கவே முடியாது. இருக்குற மரத்தை வெட்டிட்டு குளம்னா நான் எதிர்ப்பு, மரத்தை வச்சுக்கிட்டு குளம்னா ஆதரவு.

பம்ப்ரூம்
மரம் வைக்கலாம் அக்கா, ஆனா குளத்து ஓரத்துல வேண்டாம். இலை விழுந்து ஸ்கிம்மர் (மேல மிதக்குற குப்பையை இழுக்குற வாய்) அடைக்கும், வேர் பைப்பை உடைக்கும். கொஞ்சம் தள்ளி, சாயங்கால வெயில் வர்ற பக்கமா.

ஓடைமீன்
எல்லாரும் கான்க்ரீட் தொட்டிலயே நிக்கிறீங்க. ஊர் நடுவுல ஓடுற ஆத்தை சுத்தம் பண்ணினா என்ன? கோபன்ஹேகன்ல துறைமுகத்துல கழிவு கலக்காம பண்ணி 2002லயே அங்க குளிக்கிற இடம் திறந்துட்டாங்க. பாரிஸ்ல 1923லருந்து தடை இருந்த சேன் நதில 2025 ஜூலைல பொதுமக்கள் இறங்கினாங்க.

வரிகட்டுறவன்
பாரிஸ்காரன் அதுக்கு போட்டது சுமார் 140 கோடி யூரோ. மழைத்தண்ணி பிடிக்க மட்டும் பூமிக்கடில 50,000 கன மீட்டர் தொட்டி, அதாவது 20 ஒலிம்பிக் குளம். அப்படியும் பெரிய மழை பேஞ்சா மூடிடுறாங்க.

ஓடைமீன்
செலவுதான், ஆனா அதுல ஊர் சாக்கடையே சரியாகுது. குளம் கட்டிட்டா ஆத்தை பத்தி கேக்குறவங்க வாயை அடைச்ச மாதிரி ஆயிடும், அதான் எனக்கு பயம்.

ஈரத்துண்டு
ஆறு சரியாக முப்பது வருஷம் ஆகும் நண்பா, இப்ப எட்டு வயசுல இருக்குறவனுக்கு அதுக்குள்ள தொப்பை வந்துடும். ரெண்டும் கேப்போம்.

பம்ப்ரூம்
கட்டுறதா இல்லையான்னு நீங்க முடிவு பண்ணுங்க. கட்டினா நான் ரெண்டே விஷயம்தான் கேப்பேன். ஒண்ணு, கட்டுமான செலவை பாஸ் பண்ற அதே ஃபைல்லயே ஆபரேட்டர், உயிர்காப்பாளர் சம்பளமும் பத்து வருஷத்துக்கு இருக்கணும், அது இல்லாம கையெழுத்தே போடக்கூடாது. ரெண்டு, பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு), குளோரின் அளவை சில மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்து கேட்டுல போர்டுல எழுதணும். பிஹெச் 7.2லருந்து 7.8க்குள்ள, சயனூரிக் போட்ட குளத்துல குளோரின் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு கீழ போகக்கூடாது. டெஸ்ட் ட்யூப்ல குளத்து தண்ணி எடுத்து குளோரின் சோதனை மாத்திரை போட்டா ரோஸ் கலர் வரணும், வெளிறிப் போச்சுன்னா யாரும் இறங்கக்கூடாது. இன்னொரு சோதனைக்கு மெஷினே வேண்டாம், ஆழமான பக்கத்துல கரைல நின்னு பாத்தா அடில இருக்குற வடிகால் மூடி தெளிவா தெரியணும், தெரியலைன்னா பூட்டு போட்டுடணும், மந்திரியே வந்து நின்னாலும். அந்த கலங்கல்ல ஒரு பையன் அடிக்கு போனா உயிர்காப்பாளருக்கும் தெரியாது.

கரையோரம்
+1, குறிப்பா அந்த கடைசி வரி.

வரிகட்டுறவன்
சம்பளம் அதே ஃபைல்ல இருந்தா என் எதிர்ப்புல பாதி போச்சு. மீதி பாதி நிலம். அதே குளத்தை அரை கிலோமீட்டர் தள்ளி, பஸ் போற ரோட்டுலயே, விலை கம்மியான இடத்துல கட்டுங்களேன், நடு சென்டர்தான் வேணும்னு ஏன் அடம்?

ஈரத்துண்டு
அரை கிலோமீட்டர்னு ஆரம்பிச்சு பைபாஸ்ல கொண்டுபோய் விடுவீங்க, தெரியாதா.

மாடிவீடு
சண்டை முடிஞ்சா ஒண்ணு கேக்கணும். அந்த பம்ப் ரூம், கெமிக்கல் ரூம் எல்லாம் எந்த பக்கம் வரும்? வீடுங்க பக்கமா?

பம்ப்ரூம்
வரவே கூடாது. ரோட்டு பக்கம், தரைக்கு கீழ மோட்டர், காத்தோட்டத்தோட. குளோரின் ஒரு ரூம், ஆசிட் வேற ரூம், ரெண்டையும் ஒண்ணா வச்சு கசிஞ்சு கலந்தா விஷவாயு.

மாடிவீடு
விசில் சத்தமே பரவால்ல போல இருக்கே. அந்த வரைபடத்தை கண்ணுல காட்டாம எந்த மனுலயும் நான் கையெழுத்து போடல.