ஆர்க்கஸின் அடர்த்தி: எனக்கு 1.6 வருகிறது, 1.4 எப்படி?

கைப்பர்வாசி:
நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் சிறு உலகமான ஆர்க்கஸின் நிலா வான்த் 9.54 நாளில் ஒரு சுற்று வருகிறது. இடைத்தூரம் சுமார் 9,000 கி.மீ. சுற்றுக்காலத்தையும் தூரத்தையும் வைத்து நிறை காணும் கெப்ளர் விதியில் போட்டால் நிறை 6.35 × 10²⁰ கிலோ. விட்டம் 910 கி.மீ. என்று வைத்தால் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.6 கிராம். பார்க்கிற இடமெல்லாம் 1.4 என்றிருக்கிறது. நாட்களை வினாடியாகவும் கி.மீ.யை மீட்டராகவும் மாற்றித்தான் போட்டேன். எங்கே இடிக்கிறது?

நீள்வட்டம்:
பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரி. கெப்ளர் தருவது இரண்டும் சேர்ந்த நிறை. அதை ஆர்க்கஸ் ஒன்றின் தலையில் கட்டிவிட்டீர்கள். வான்த் சின்ன நிலா இல்லை, விட்டமே சுமார் 440 கி.மீ. பொது நிறைமையத்தைச் சுற்றி ஆர்க்கஸ் தள்ளாடுவதை ஆல்மா தொலைநோக்கியில் அளந்ததில், வான்த்தின் நிறை ஆர்க்கஸின் நிறையில் 0.16 பங்கு என்று வந்தது. 6.35-ஐ 1.16-ஆல் வகுங்கள்: 5.47 × 10²⁰ கிலோ. 910 கி.மீ. உருண்டையின் கன அளவு 3.95 × 10¹⁷ கன மீட்டர். வகுத்தால் 1.39.

அந்த நிறைமையம் ஆர்க்கஸின் நடுவிலிருந்து 1,240 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஆரம் 455 தான், அதாவது மையம் வெட்டவெளியில். புளூட்டோவும் அதன் நிலா சாரனும் இருக்கிற கதையேதான்.

நிழல்தேடி:
அந்த 1.39-இல் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம். சுற்றுக்காலம் துல்லியமாகத் தெரியும், தகராறு விட்டத்தில். 910 என்பது வெப்பக் கதிர்வீச்சிலிருந்து கணித்தது. விட்டத்தில் 5% பிசகினால், முப்படி ஆவதால் அடர்த்தியில் 15% பிசகும். பின்னணி விண்மீனை மறைக்கும் நேரத்தை அளப்பதுதான் நம்பகமான வழி. அதிலும் குறி தவறும்: 2017 மார்ச் 7-இல் விண்மீனை மறைத்தது ஆர்க்கஸ் இல்லை, வான்த். 440 என்ற எண் அப்படித்தான் கிடைத்தது.

கைப்பர்வாசி:
புரிந்தது, நன்றி. 12 அங்குலத் தொலைநோக்கியில் வான்த்தைத் தனியாகப் பிரிக்க முடியுமா?

நிழல்தேடி:
வாய்ப்பே இல்லை. இடைவெளி கால் ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). 12 அங்குலத்தின் எல்லையே 0.38, காற்றின் நடுக்கம் அதையும் 1, 2 ஆக்கிவிடும். ஆனால் ஆர்க்கஸையே பிடிக்கலாம். ஒளிப்பொலிவு சுமார் 19 (எண் கூடக்கூட மங்கல்), ஆகவே பல படங்களை அடுக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில், எதிர்நிலையை (வானில் சூரியனுக்கு நேரெதிரே வரும் நிலை) ஒட்டி, அடுத்தடுத்த இரண்டு இரவுகள் எடுத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். நாளுக்கு ஒரு ஆர்க்நிமிடத்துக்கு (60 ஆர்க்செகண்ட்) சற்று மேல் நகரும். ஒரே இரவின் படங்களை மணிக்கணக்கில் அடுக்கினால் புள்ளி கோடாக இழுபடும். மணிக்கு சுமார் 3 ஆர்க்செகண்ட் நகர்வதால் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.