மறுமொழி: ‘ஹாட் டப்’புக்குத் தமிழ் – ‘வெந்நீர் ஊறுதொட்டி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெந்நீரில் பலர் சேர்ந்து உட்காரும் ‘ஹாட் டப்’ என்ற தொட்டிக்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த மடல் இழையைத் தொடங்கியவன் நான்தான் என்பதால், இதுவரை வந்த மடல்களை எல்லாம் மறுபடி ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன். “விடுமுறை வீட்டில் இருக்கும் ஒரு சொகுசுப் பொருளுக்குக் கலைச்சொல் எதற்கு, ஹாட் டப் என்றே விட்டுவிடலாமே” என்று இருவர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. லண்டன் பள்ளிகளுக்கு அந்த வாரம் அரைப்பருவ விடுமுறை. மூன்று குடும்பம், பதினோரு பேர் சேர்ந்து, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவுக்கு வடமேற்கு இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரியோரம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பின்கட்டில் மரத்தளம் போட்டு, எங்களுக்கு மட்டுமேயான ஹாட் டப். ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஆங்கிலம் வராது. வீட்டுக்காரர் அனுப்பிய விதிகளை நானே தமிழில் எழுதி, தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். அதில் நான் போட்ட சொல் ‘வெந்நீர்க் குளியல் தொட்டி’.

தீபாவளியன்று விடியற்காலை ஐந்து மணி, வெளியே கும்மிருட்டு. பெரியப்பா உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, கிண்ணத்தில் சீயக்காயைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மூடியை விலக்கி உள்ளே இறங்கிவிட்டார். நான் எழுந்து போனபோது பழுப்பு நுரை விளிம்பைத் தாண்டி மரத்தளத்தில் வழிந்துகொண்டிருந்தது. வடிகட்டியைக் கழற்றினால் மடிப்புக்கு மடிப்பு சீயக்காய் அப்பியிருக்கிறது. தண்ணீர் முழுவதையும் இறைக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குத் தனிக் கட்டணம். பிள்ளைகள் காத்திருந்த கடைசி இரவும் வீணானது.

பெரியப்பா மேல் எள்ளளவும் தவறு இல்லை. குளியல் என்று எழுதியிருந்தது, அவர் குளித்தார். அதுவும் கங்கா ஸ்நானம்! அவர் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இந்த அக்டோபரில் மறுபடி அங்கே போகிறோம், அவரும் வருகிறார். தாளைத் திருத்தி எழுதியாக வேண்டும்.

சரி, இனி சொல்லுக்கு வருவோம். இந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் சொல் பிடிபடும். நான்கு முதல் ஆறு பேர் கழுத்தளவு நீரில் உட்காரும் தொட்டி. ஏறக்குறைய 1000 முதல் 1500 லிட்டர் பிடிக்கும். வெப்பம் 37, 38 டிகிரி, மிஞ்சினால் 40. ஒருவர் இறங்கி ஏறியதும் தண்ணீரை மாற்றுவதில்லை; ஒரு குழு தங்கும் நாட்கள் முழுக்க அதே தண்ணீர் வடிகட்டி வழியே சுற்றிச் சுற்றி வரும். அதனால்தான் குளோரின், அதனால்தான் அன்றாடம் பரிசோதனை, அதனால்தான் இறங்குவதற்கு முன் சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்கிறார்கள். உடம்பு எண்ணெயும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். குளோரின் குறைந்தால் அந்த வெதுவெதுப்பே லெஜியோனெல்லா என்ற கிருமிக்கு வளமான இடம். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில், வெறும் பார்வைக்காக ஓடவிட்டிருந்த இப்படிப்பட்ட தொட்டியின் நீர்த்திவலையை மூச்சில் இழுத்ததாலேயே 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆகவே ‘இது அழுக்குப் போக்கும் இடம் அல்ல’ என்பது வெறும் நாசூக்கு அல்ல. சொல்லுக்குள்ளேயே அது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

> ‘தனியார் சூடான தொட்டி’ என்று வலையில் பல இடங்களில் இருக்கிறதே?

‘பிரைவேட் ஹாட் டப்’ என்பதை இயந்திரம் மொழிபெயர்த்தது, தயவுசெய்து அதை விட்டுவிடுவோம். ‘தனியார்’ என்றால் நமக்குத் தனியார் பேருந்து, தனியார் பள்ளி. இங்கே கருத்து ‘பக்கத்து வீட்டாரோடு பகிராத, நமக்கே நமக்கான’ என்பது. ‘தனி’ என்ற இரண்டெழுத்தே போதும். தனி அறை, தனிக் கிணறு என்கிறோமே, அது போல. அப்புறம், சூடாக இருப்பது தண்ணீர், தொட்டி அல்ல. வீட்டுக்குப் போய்ச் சேரும் அன்று தண்ணீரும் சூடாக இருக்காது. முந்தைய குழு காலை பத்து மணிக்குக் கிளம்பியதும் பழைய நீரை இறைத்து, கழுவி, புதிதாக நிரப்புகிறார்கள். 1200 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 38க்குக் கொண்டுவர 39 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் சூடேற்றி என்றால் 13 மணி நேரம். மாலை நாலு மணிக்கு வந்த பிள்ளைகள் கையை விட்டுப் பார்த்து முகம் சுருங்கியது இந்தக் கணக்கு தெரியாததால்தான். முதல் இரவைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள் என்று போகிறவர்களுக்கு எல்லாம் சொல்கிறேன்.

‘வெந்நீர்த் தொட்டி’ என்ற கோவை நண்பரின் சொல் எளிமையானது, எனக்கும் பிடித்தது. ஆனால் அந்த வீட்டின் மாடியில் ஓர் அலமாரிக்குள் குழாய்களுக்கு நீர் சூடாக்கும் உருளை இருக்கிறது. அதுவும் வெந்நீர்த் தொட்டிதான். ‘வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கவும்’ என்று எழுதினால் யாராவது அதைப் போய்த் திருகிவைப்பார்கள்.

‘ஜக்குஸி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: அது இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய சகோதரர்களின் குடும்பப் பெயர். விமான உறுப்பும் கிணற்றுப் பம்பும் செய்தவர்கள். அவர்களில் ஒருவர், கீல்வாதத்தால் வருந்திய தன் சின்ன மகனுக்காக, வீட்டுக் குளியல் தொட்டியில் வைத்து நீரைச் சுழற்றும் பம்பு ஒன்றைச் செய்தார். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. ஒரு தகப்பனின் தவிப்பில் பிறந்த பொருள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் பெயர். விறகு போட்டுச் சூடாக்கும் மரத்தொட்டிகளில் பலவற்றில் நீர்த்தாரையே கிடையாது. அதற்கு இந்தப் பெயர் பொருந்தவும் பொருந்தாது.

‘வெஞ்சுனை’ கேட்க அழகு. ஆனால் சுனை தானாக ஊறுவது. திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் போன்றவற்றுக்கு அதை வைத்துக்கொள்வோம். (வின்டர்மியருக்கு மேலே மலைக் குழிகளில் ‘டார்ன்’ என்று சின்னச் சின்ன நீர்நிலைகள் இருக்கின்றன. சுனை என்ற சொல் எனக்கு அங்கேதான் நினைவுக்கு வந்தது.)

> குளித்தல் என்பதே உடலைக் குளிர்வித்தல். வெந்நீருக்கு அது பொருந்தாது.

ஐயா, முடிவில் உங்களோடு உடன்படுகிறேன், காரணத்தில் இல்லை. முத்துக் குளித்தல் என்கிறோம். அங்கே குளித்தல் என்றால் மூழ்குதல். பழைய பொருளில் பார்த்தால் அந்தச் சொல் இங்கே பொருந்தவே செய்யும். சிக்கல் இன்றைய வழக்கில்தான். இன்று குளியல் என்றால் சோப்பும் சீயக்காயும். பெரியப்பா காதில் விழுந்தது இன்றைய சொல்.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘தோய்தொட்டி’யையும் அதே காரணத்தால் தயங்கித்தான் ஒதுக்குகிறேன். உங்கள் பக்கம் தோய்வது குளிப்பதே என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் தோய்ப்பது தயிர் அல்லது துணி. ‘அமிழ்தொட்டி’க்கு ஒலி நன்றாக இருக்கிறது, ஆனால் அமிழ்ந்து போனான் என்றால் மனம் பதறுகிறது. குழந்தைகள் இறங்கும் இடத்துக்கு அந்தச் சொல் வேண்டாம்.

மிஞ்சுவது ‘ஊறு’. “வெந்நீரில் காலை ஊற வை” என்று சொல்லாத வீடு இல்லை. நேரம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், நீருக்குள் இருப்பது. இந்தத் தொட்டியின் வேலையே அதுதான். ‘ஊறல் தொட்டி’ என்றால் சாராய ஊறலும் தோல் பதனிடும் இடமும் நினைவுக்கு வரும் என்று எச்சரித்தீர்கள், உண்மை. அதனால் ‘ஊறுகாய்’ போல வினைத்தொகையாக்கி ‘ஊறுதொட்டி’ என்கிறேன். ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே என்பீர்கள். ஐம்புலனில் தொடு உணர்ச்சிக்கும் அதுவே பெயர். முன்னால் ‘வெந்நீர்’ நிற்கும்போது தீங்கு யார் நினைவுக்கும் வராது என்று நம்புகிறேன்.

எனக்கே பயமாக இருப்பது வேறொன்று. எண்ணெய் தேய்த்து அரைமணி ஊறிவிட்டுக் குளி என்பதும் நம் வீட்டுப் பேச்சுதான். பெரியப்பா மறுபடி எண்ணெயோடு இறங்கிவிட்டால்? அதனால் நேற்று அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் விளக்காமல், “வெந்நீர் ஊறுதொட்டி என்றால் என்னம்மா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “சுடுதண்ணியில உட்கார்ந்து ஊறுறதா? குளிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றார்.

இந்தக் கேள்வியை இதுவரை எந்தச் சொல்லும் எழுப்பவில்லை. குளியல் வேறு, இது வேறு என்று சொல்லே சொல்லிவிட்டது. மீதியைத் தாளில் ஒரு வரியில் எழுதிவிடலாம்: ‘முதலில் குளித்து, எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகே வெந்நீர் ஊறுதொட்டியில் இறங்கவும், கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.’

‘காட்டேஜ்’ பற்றி இன்னொரு இழை தொடங்கலாம். அங்கே உள்ளவை தடித்த கற்சுவரும் பலகைக்கல் கூரையுமான வீடுகள். குடில் என்றால் ஓலை வேய்ந்தது போல் தோன்றுகிறது, எனவே இப்போதைக்கு ‘ஏரியோர வீடு’ என்று எழுதுகிறேன். ‘ஏரிக்கரை வீடு’ என்று எழுதாததற்குக் காரணம், நமக்கு ஏரிக்கரை என்றால் மண்ணால் எழுப்பிய கரை. அங்கே அப்படி ஒன்று இல்லை.

அக்கா, ‘ஊறுதொட்டி’ உங்கள் பக்கம் எப்படி ஒலிக்கிறது? வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் தாளை அச்செடுக்கும் முன் திருத்திக்கொள்வேன்.

அன்புடன்,
லண்டனிலிருந்து