ஹார்வர்டு இல்லை, ஹோவர்டு: வாஷிங்டன் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: மேரிலாந்துக்கு வந்து மூணு மாசம் ஆகுது. பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. ஸ்கூல் கவுன்சிலர் ஹோவர்டு யுனிவர்சிட்டியையும் லிஸ்ட்ல சேத்துக்கச் சொல்றாங்க. அது கறுப்பினத்தவருக்கான காலேஜ்னு கேள்விப்பட்டேன். நம்ம பிள்ளைங்க சேர முடியுமா? நேர்ல போய்ப் பாக்கணும்னா எப்படிப் போறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: தாராளமாகச் சேரலாம். 1867 மார்ச் 2ஆம் தேதி நாடாளுமன்றச் சாசனத்தோடு தொடங்கியபோதே நிறம், ஆண், பெண் என்ற தடை எதுவும் அங்கே இல்லை. முதலில் சேர்ந்த மாணவிகள் நான்கு பேரும் நிறுவனர்கள் வீட்டு வெள்ளைக்காரப் பெண்கள்.

பெயரை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் இருக்கைக்காக உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டியது மாசசூசெட்ஸில் இருக்கும் ஹார்வர்டுக்கு. இது வாஷிங்டன் நகருக்குள்ளேயே இருக்கும் ஹோவர்டு. ஊருக்கு போன் செய்து சொன்னால் ஹார்வர்டு என்றுதான் காதில் விழும், எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். மேரிலாந்துக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. எல்லிகாட் சிட்டி, கொலம்பியா எல்லாம் ஹோவர்டு கவுண்டியில் வருகின்றன. அங்கே ஹோவர்டு கம்யூனிட்டி காலேஜும் இருக்கிறது. அந்தக் கவுண்டியின் பெயர் அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட ஜான் ஈகர் ஹோவர்டு என்பவருடையது. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு உரியவர் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டு, உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்த ஜெனரல். விடுதலையான அடிமைகளின் மறுவாழ்வுக்கு அரசு வைத்த அலுவலகத்தை நடத்தியவர். விண்ணப்பம், டிரான்ஸ்கிரிப்ட், பணம் எதை அனுப்பினாலும் முழுப் பெயரையும் ஊரையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்து அனுப்புங்கள்.

அடுத்து ஃபீஸ். நாடாளுமன்றம் வருடா வருடம் பணம் ஒதுக்குவதால் இதை அரசுப் பல்கலைக்கழகம் என்று நினைத்துவிடுகிறார்கள். இது தனியார் பல்கலைக்கழகம். 'இன்-ஸ்டேட்' கட்டணம் என்ற பேச்சே இல்லை. மேரிலாந்தில் இருந்தாலும் டெக்சாஸில் இருந்தாலும் ஒரே ஃபீஸ். உள்ளூர்க் கட்டணத்தில் எச்.பி.சி.யூ., அதாவது கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய கல்லூரி, வேண்டுமென்றால் பால்டிமோரில் மார்கன் ஸ்டேட், பக்கத்திலேயே போவி ஸ்டேட் இரண்டும் மேரிலாந்து அரசுடையவை. ஃபாஃப்சா என்ற கல்வி உதவி விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி சிட்டிசன், கிரீன் கார்டு உள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து எச்-4இல் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. கணக்குப் போடும்போதே இதைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: எச்.பி.சி.யூ.ன்னா என்னன்னு இன்னும் சரியாப் புரியல. இப்போ எல்லாரும் எங்கயும் படிக்கலாமே, அப்புறம் எதுக்குத் தனியா?

பதில்: சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. 1964க்கு முன்பே தொடங்கி, கறுப்பினத்தவரின் கல்வியை முதன்மை நோக்கமாக வைத்திருந்த கல்லூரிகளை 1965ஆம் வருட உயர்கல்விச் சட்டம் அப்படிக் குறிக்கிறது. நாடு முழுக்கச் சுமார் 100 இருக்கின்றன. அட்லாண்டாவின் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் எல்லாம் இந்த வரிசைதான்.

"எதுக்குத் தனியா" என்பதற்குப் பதில் ஹோவர்டின் சட்டக் கல்லூரியில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நமக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

பால்டிமோர் விமான நிலையத்தின் முழுப் பெயரில் தர்குட் மார்ஷல் என்று வருகிறதே, அவர் பால்டிமோர்க்காரர். சொந்த மாநிலத்தின் சட்டக் கல்லூரி அப்போது கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் தினமும் வாஷிங்டன் வந்து ஹோவர்டில் படித்து 1933இல் முடித்தார். ஆசிரியர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். கல்லூரியின் இரவு வகுப்புகளை நிறுத்தி முழுநேரப் படிப்பாக்கி, 1931இல் அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தவர் ஹூஸ்டன். பிரித்துவைக்கும் சட்டங்களை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக உடைக்கும் வழக்கறிஞர்களை உருவாக்குவதே அவர் வேலையாக இருந்தது. குருவும் சிஷ்யனுமாக முதலில் தொடுத்த வழக்குகளில் ஒன்று, அதே மேரிலாந்துச் சட்டக் கல்லூரியின் கதவைத் திறக்க வைத்தது. 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று வந்த பிரவுன் தீர்ப்பை வாங்கித் தந்தவர் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவதற்கு முன்பு ஹோவர்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்க்கேள்வி கேட்டு ஒத்திகை பார்ப்பார்கள். 1967இல் மார்ஷல் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

இதில் நமக்கு என்ன? 1946க்குப் பிறகு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட குடியேற்ற எண்ணிக்கை வருடத்துக்கு 100 பேர். நாடு பார்த்து ஆள் எடுக்கும் அந்த ஒதுக்கீட்டை நீக்கிய சட்டம் வந்தது 1965இல். சிவில் உரிமைப் போராட்டம் நாட்டின் மனச்சாட்சியை அசைத்த அதே காற்றில்தான் அது நிறைவேறியது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் விசாவுக்குப் பின்னால் இவர்களுடைய உழைப்பும் இருக்கிறது.

வீடு வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் பத்திரங்களில் "வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது" என்ற நிபந்தனை இன்னும் அச்சில் கிடக்கும். பார்த்துப் பதற வேண்டாம், அதற்கு உயிர் இல்லை. நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக் கூடாது என்று 1948இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது தீர்ப்பான வழக்குகளில் வாஷிங்டன் வழக்கு, பிரையன்ட் தெரு 116ஆம் எண் வீட்டை வாங்கிய ஹர்டு தம்பதியைப் பற்றியது. வாதாடியவர் ஹூஸ்டன். அந்தத் தெரு ஹோவர்டு வளாகத்திலிருந்து நடந்து போகிற தூரம்.

கேள்வி: போற வழியச் சொல்லுங்க. வண்டி இன்னும் வாங்கல.

பதில்: வண்டி இல்லாமல் போவதே நல்லது, அங்கே பார்க்கிங் கிடைப்பது பெரும்பாடு. மெட்ரோவில் கிரீன் லைன், ஷா-ஹோவர்டு யுனிவர்சிட்டி ஸ்டேஷன். பெயரைப் பார்த்து வாசலிலேயே வளாகம் என்று நினைக்காதீர்கள், மேட்டில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். 7, எஸ் தெருக்கள் சந்திக்கும் வடக்கு வாசலில் ஏறி வடக்கே நடங்கள். ஃபுளோரிடா அவென்யூ தாண்டியதும் அதே 7ஆம் தெரு ஜார்ஜியா அவென்யூ என்று பெயர் மாறும். வழி தவறிவிட்டோம் என்று திரும்பிவிடாதீர்கள். வலப்பக்கம் ஹோவர்டு மருத்துவமனை வரும். அது பழைய கிரிஃபித் பேஸ்பால் மைதானம் இருந்த இடம். பந்தடிக்கிறவர் நின்ற இடத்துக்கு இன்றும் உள்ளே அடையாளம் வைத்திருக்கிறார்கள். இன்னும் மேலே போய் ஹோவர்டு பிளேஸில் வலதுபக்கம் திரும்பினால் முதன்மை வாசல். செயலியில் முகவரி போடும்போது 'என்.டபிள்யூ.' விட்டுப்போகக் கூடாது. வளாகத்தின் முகவரியில் வரும் 6ஆம் தெரு நகரின் நான்கு மூலையிலும் உண்டு. இன்னொன்று: சட்டக் கல்லூரி இந்த வளாகத்தில் இல்லை. ரெட் லைனில் வான் நெஸ் ஸ்டேஷன்.

உள்ளே நடுவில் இருக்கும் புல்வெளியை 'தி யார்டு' என்பார்கள். எதிரே மணிக்கூண்டோடு நிற்பது ஃபவுண்டர்ஸ் லைப்ரரி, 1939இல் திறந்தது. ஆல்பர்ட் காசெல் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் ஃபிலடெல்ஃபியாவின் இண்டிபெண்டன்ஸ் ஹாலை மனத்தில் வைத்து வரைந்தது. உள்ளேதான் மூர்லண்ட்-ஸ்பிங்கார்ன் ஆய்வு மையம். அதை 1930 முதல் வளர்த்தெடுத்தவர் டாரதி போர்ட்டர் என்ற நூலகர். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்க அப்போது நூலகங்கள் பின்பற்றிய டியூவி பகுப்பில் கறுப்பினத்தவர் எழுதியது எதுவானாலும், கவிதையே ஆனாலும், 325 அல்லது 326இல் தள்ளிவிடுவார்கள். 325 குடியேற்றம், 326 அடிமை முறை. போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் அடுக்கினார். வேலையாகப் பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் ஒரு மக்களின் அறிவை எங்கே வைத்துத் தேடுவது என்பதையே அது மாற்றியது. ஆவணங்களைப் பார்க்க முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும், நேரே போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

அதே யார்டில் 1890களில் கட்டிய ராங்கின் தேவாலயம் இருக்கிறது. அதன் பொறுப்பில் இருந்த ஹோவர்டு தர்மன் 1935இல் ஒரு குழுவோடு கொழும்பில் இறங்கி, இலங்கையும் தென்னிந்தியாவும் சுற்றி, 1936இல் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவர் மோர்டெக்காய் ஜான்சனும் இந்தியா போய் வந்தவர். 1950இல் ஃபிலடெல்ஃபியாவில் அவர் காந்தியைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டுப் புத்தகம் தேடிப் போன இளைஞர்தான் மார்டின் லூதர் கிங்.

கேள்வி: கமலா ஹாரிஸ் படிச்சது இங்கதானே?

பதில்: ஆமாம். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் 1986இல் இங்கே பட்டம் வாங்கினார். 2024 தேர்தல் தோல்விக்குப் பிறகு அவர் பேசியதும் இந்த யார்டில்தான். அவர் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற பெண்கள் சங்கம் 1908இல் இங்கே பிறந்தது. நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் டோனி மாரிசன் 1953இல் பட்டம் பெற்று, பிறகு இங்கேயே பாடமும் எடுத்தார். நடிகர் சாட்விக் போஸ்மனின் பெயர் நுண்கலைக் கல்லூரிக்கு இருக்கிறது. 1872இல் ஷார்லட் ரே இங்கே சட்டம் முடித்து, நாட்டின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞரானார். பெண்ணுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய பெயர் அது.

போகும்போது சில விஷயம். அக்டோபரில் பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் வாரத்தில் போகாதீர்கள், சுற்றிப்பார்க்க இடம் கிடைக்காது. யார்டில் சங்கங்களுக்கென்று குறித்துவைத்த மரங்களும் கற்களும் இருக்கும், அவற்றின்மேல் உட்காராதீர்கள். பக்கத்தில் வாடகைக்கு வந்தால் யார்டுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 2019இல் அக்கம்பக்கத்தார் அப்படிச் செய்ததில் மாணவர்கள் மனம் புண்பட்டு, அது பெரிய செய்தியானது. நம் பழைய பாடப்புத்தகங்களில் 'நீக்ரோ' என்றுதான் இருக்கும். அந்தச் சொல் தமிழில் பேசும்போதும் வாயில் வரக் கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கு நாம் பேசுவதில் அந்த ஒரு வார்த்தை மட்டும் நன்றாகப் புரியும்.