பாம்பன் கடலோர வீட்டுக்கு 22,000 ரூபாய்க்குள் எந்த எச்.டி. தொலைக்காட்சி வாங்கலாம்?

பாம்பன் தென்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாம்பனில் தென்கடல் பக்கம், அலை ஏறும் இடத்திலிருந்து இருநூறு அடிக்குள் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 32 அங்குலத் தொலைக்காட்சியில் சென்ற மாதம் ஒலி மட்டும் வந்து, படம் வராமல் போய்விட்டது. பழுது பார்க்க வந்தவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டியபோது, உள்ளே இருந்த பலகையின் ஓரங்களில் செப்புக் குடத்தில் ஏறுவதைப் போன்ற பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதைச் சரிசெய்ய அவர் சொன்ன தொகை புதியதன் விலையில் பாதியை நெருங்கியதால் அப்படியே விட்டுவிட்டோம்.

என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், படகு மறுபடி கடலுக்குப் போய் இரண்டு மூன்று பாடு (மீன்பிடி வருமானம்) கைக்கு வந்த பிறகுதான் வாங்க முடியும். சுவரில் மாட்டும் செலவு உட்பட 22,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. நாங்கள் எல்லோரும் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து, திரையிலிருந்து ஏறக்குறைய எட்டு அடி தள்ளிப் பார்ப்போம். மாமனாருக்குச் செய்தியும் வானிலையும் வேண்டும், பிள்ளைகளுக்கு யூடியூபும் கிரிக்கெட்டும் வேண்டும். இப்போது இருப்பது பழைய கேபிள் இணைப்புதான்.

ராமநாதபுரத்தில் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர், அதிகம் கேள்விப்படாத நிறுவனத்தின் 43 அங்குல 4கே தொலைக்காட்சியைக் காட்டி, இனி எல்லாமே 4கே தான் என்கிறார். மற்றவர், பெயர்பெற்ற நிறுவனத்தின் 32 அங்குல எச்.டி. ரெடியே போதும் என்கிறார். இருவரும் தங்களிடம் இருப்பில் உள்ளதைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை மேலத்தெரு

சகோதரி, எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டுக்குள் வருகிற படம் எவ்வளவு தெளிவானது என்று பாருங்கள். எங்கள் வாப்பா காலத்தில், 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிப்பதற்காக மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, ஒருவர் மேலே ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று "வருது, வருது, போயிருச்சு" என்று கத்திக்கொண்டிருப்பார். இன்று ஆன்டெனா இல்லை, ஆனால் அந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் இன்னும் இருக்கிறது. இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரம் நிற்பதை அன்றாடம் பார்த்துக்கொண்டே, படத்துக்குக் கேபிளையும் டிஷ்ஷையும் நம்பியிருக்கிறோம்.

சாதாரண கேபிள் பெட்டி தருவது அகலவாக்கில் 720, உயரவாக்கில் 576 புள்ளிகள் கொண்ட படம், அதாவது மொத்தம் நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். எச்.டி. ரெடி திரையில் பத்தரை லட்சம், ஃபுல் எச்.டி. திரையில் ஏறக்குறைய 21 லட்சம், 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. நான்கு லட்சம் புள்ளிகளை 83 லட்சம் இடங்களில் பரப்பினால், வந்த ஒரு புள்ளியைக் கொண்டு இருபது இடங்களை நிரப்ப வேண்டும். மீதியைத் தொலைக்காட்சிதான் ஊகித்து இட்டு நிரப்புகிறது. விலை குறைந்த 4கே பெட்டிகளில் அந்த வேலையைச் செய்யும் சில்லு சுமாரானதாக இருப்பதால், செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியதைப் போலத் தெரியும். எங்கள் உம்மா அதைப் பார்த்துவிட்டு, பழைய டிவியே நன்றாக இருந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டு எச்.டி. அலைவரிசைகள் 1920க்கு 1080 என்ற அளவில் வருகின்றன, அதற்கு நேர்ப்பொருத்தம் ஃபுல் எச்.டி. திரைதான். மேலும், குறையில்லாத கண்ணால்கூட 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் தனித்தனிப் புள்ளிகளை ஐந்தரை அடிக்கு அப்பாலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. நீங்கள் உட்காரும் எட்டு அடியில் 4கே கூடுதலாகத் தரும் புள்ளிகள் யார் கண்ணுக்கும் எட்டப் போவதில்லை. எனவே கேபிள்காரரிடம் எச்.டி. பெட்டி கிடைக்குமா, அதற்கு மாதம் எவ்வளவு கூடும் என்று முதலில் கேளுங்கள். கேபிள் பெட்டியை மாற்றினால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை விட்டுவிட்டு, படமும் ஒலியும் ஒன்றாகச் செல்லும் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைக்க வேண்டும், இல்லையென்றால் எச்.டி.க்குப் பணம் கட்டியும் பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தொண்டிக் கடலோரம்

மேலே அண்ணன் சொன்ன கணக்கு சரி, ஆனால் அதை வைத்து 32 அங்குலமே போதும் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள் அக்கா. மாமனார் செய்தி பார்க்கிறார் என்றால் திரையின் அடியில் ஓடும் எழுத்தையும் படிக்க வேண்டும். 32 அங்குலத்தைவிட 43 அங்குலத்தில் திரைப்பரப்பு எண்பது விழுக்காடு பெரியது, வயதான கண்ணுக்கு உதவுவது அந்த அளவுதான். 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பெரியது நமக்கு எட்டாது என்று பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்க வேண்டாம். 40 அல்லது 43 அங்குலத்தில் ஃபுல் எச்.டி. கேளுங்கள். கடையில் முன்வரிசையில் வைக்க மாட்டார்கள், கேட்டால் உள்ளிருந்து எடுத்து வருவார்கள்.

மின்சாரத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். 80 வாட் இழுக்கும் பெட்டியை நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட் ஆகும். 45 வாட் இழுக்கும் சிறிய பெட்டிக்கு 14 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு பெரிதல்ல.

யூடியூபுக்காக ஸ்மார்ட் டிவி வாங்குவதாக இருந்தால், ரேம் (செயலிகள் ஓடுவதற்கான நினைவகம்) எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு ஜி.பி. ரேம் உள்ளவை முதல் ஆண்டு ஒழுங்காக ஓடிவிட்டு, பிறகு ரிமோட்டை அழுத்தினால் நாம் தேநீர் போட்டு வந்த பிறகுதான் பதில் சொல்லும். அதைவிட நல்ல திரையாக வாங்கி, பின்னாளில் இணையத்திலிருந்து யூடியூப் காட்டும் ஸ்டிக் ஒன்றைத் தனியாகச் செருகிக்கொள்வது மேல். ஆனால் வீட்டில் ஃபைபர் இணைப்பு இல்லாமல் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பினால், எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஜி.பி. வரை போய்விடும். நாளுக்கு இரண்டு ஜி.பி. திட்டம் ஒரு பாதிப் படத்துக்குக்கூடத் தாங்காது.

இன்னொன்று, ஸ்டெபிலைசருக்குப் பணம் செலவழிக்காதீர்கள். இப்போதைய பெட்டிகளின் பின்புறத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பார்கள், தாழ்வழுத்தத்தை அவையே சமாளித்துக்கொள்ளும்.

உச்சிப்புளிப் பழுதுநீக்குநர்

பதினைந்து ஆண்டுகளாக மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே வீடு வீடாகப் போய்த் தொலைக்காட்சிகளைத் திறந்து பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். புள்ளிக் கணக்கை விடுங்கள் அம்மா. அடுத்த பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அதை எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்பதே பெரும்பாலும் முடிவு செய்யும்.

நீங்கள் பார்த்த பச்சைக் களிம்பு உப்பின் வேலை. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள் பின்மூடியின் துளைகள் வழியாக உள்ளே போய்ப் பலகையில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து, மின்சாரம் பாயக்கூடிய உப்புநீர்ப் படலமாக மாறிவிடுகிறது, நம் கரையில் இரவு நேரங்களில் இது சர்வ சாதாரணம். பெட்டியை அணைத்த பிறகும் காத்திருப்பு நிலையில் மின்சாரம் இருப்பதால், அந்தப் படலத்தின் வழியே கசிவு ஏற்பட்டுச் செப்புத் தடங்கள் அரிக்கப்படுகின்றன. தென்கடல் பக்கத்து வீடுகளில் தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று வீசும் மாதங்களில்தான் இது மிகுதி. பெரிய பெயருள்ள பெட்டிகளிலும் இதே களிம்பைப் பார்த்திருக்கிறேன், இதற்கு எதிராக எந்தப் பெயரும் காப்பாற்றுவதில்லை.

ஆகவே தெற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள், காற்று நேராக அங்கேதான் போய் மோதும். கடல் பக்கத்து வெளிச்சுவரிலும் வேண்டாம், அதில் ஓதம் ஏறும். வீட்டின் உட்புறத் தடுப்புச் சுவர்தான் நல்லது, சன்னல் வெளிச்சமும் திரையில் விழாது. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், உள்ளே எழும் சூடு ஈரத்தை உலர்த்தும். தடைக்காலத்தில் ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரு மாதம் கழித்துப் போட்ட பெட்டிகள்தான் என்னிடம் அதிகமாக வருகின்றன. இரவில் ரிமோட்டால் அணைப்பதோடு நிற்காமல் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். தூசு படாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுகிறார்கள், அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். திரையில் படியும் உப்பை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்துணியால் இலேசாகத் துடைத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

அடுத்தது உயரம். எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில், நாற்காலிக்காரர்களின் கணக்கில் ஐந்தடி உயரத்தில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். பேனலில், அதாவது படம் காட்டும் திரைத் தகட்டில், இரண்டு வகை உண்டு. வி.ஏ. வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் நேராகப் பார்த்தால்தான் நிறம் நிற்கும், கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்த்தால் வெளுக்கும். ஐ.பி.எஸ். வகையில் இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தாலும், அறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. கூட்டமாகப் பாயில் உட்கார்ந்து பார்க்கும் உங்கள் வீட்டுக்கு நான் ஐ.பி.எஸ். வகையையே சொல்வேன். கடைக்காரருக்கு எந்த வகை என்று தெரியாமல் இருக்கலாம், ஆனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். கூச்சப்படாமல் கடையில் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள், பிறகு ஓரத்துக்கு நகர்ந்து பாருங்கள்.

கடையில் ஓடவிடும் மீன்தொட்டி, மலர்த்தோட்டப் படங்களை நம்ப வேண்டாம். அவை அந்தத் திரைக்காகவே எடுக்கப்பட்டவை, வெளிச்சமும் கடைக்கான அமைப்பில் உச்சத்தில் இருக்கும். வீட்டு அமைப்புக்கு மாற்றச் சொல்லி, ஒரு சாதாரணச் செய்தி அலைவரிசையைப் போடச் சொல்லுங்கள். பென்டிரைவில் முழு வெள்ளைப் படம் ஒன்றும் முழுக் கறுப்புப் படம் ஒன்றும் கொண்டுபோனால், ஒளிராத செத்த புள்ளியும் ஓரங்களில் ஒளி கசிவதும் அங்கேயே தெரிந்துவிடும். எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் இருளையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் முறை) என்று ஒட்டியிருக்கும் வில்லைக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தராதீர்கள். இந்த விலையில் கிடைக்கும் திரைகள் அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளுமே தவிர, அதற்கு வேண்டிய வெளிச்சம் அவற்றிடம் இல்லை.

ஸ்டெபிலைசர் விஷயத்தில் தொண்டித் தங்கை சொன்னது பாதி சரி. தாழ்வழுத்தம் உண்மையிலேயே பெட்டியைக் கெடுப்பதில்லை. ஆனால் உப்பரித்த கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடும், புயல் காற்றுக்குப் பிறகு ஒரே தெருவில் பல பெட்டிகள் புகைந்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே உயரழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்கும் வசதி உள்ள சிறிய ஸ்டெபிலைசரை வாங்குங்கள். இடி மின்னலின்போது மின் செருகியோடு கேபிள் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும், ஏனென்றால் மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கடைசியாக, பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், அந்த நிறுவனத்தின் சேவையாளர் ராமநாதபுரத்தில் இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா, பாலம் தாண்டிப் பாம்பனுக்கு வருவாரா என்று அவர்களின் சேவை எண்ணிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வது போதாது.

பாம்பன் தென்கரை

மூவருக்கும் நன்றி. நேற்றே அளவு நாடாவைக் கொண்டு சுவர்களை அளந்து பார்த்தோம். பழைய பெட்டி தெற்குச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்திருக்கிறது, நான்கு ஆண்டு தாங்கியதே பெரிது என்கிறார் மாமனார். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில், திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும்படி குறி வைத்திருக்கிறோம். கேபிள்காரரும் எச்.டி. பெட்டி தர முடியும் என்று சொல்லிவிட்டார். 43 அங்குல ஃபுல் எச்.டி. வாங்கலாம் என்றும், அது பணத்துக்குள் அடங்காவிட்டால் 40 அங்குலத்தோடு நிற்கலாம் என்றும் எண்ணியிருக்கிறோம். வீட்டில் பழைய குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதையே பயன்படுத்தலாமா?

உச்சிப்புளிப் பழுதுநீக்குநர்

வேண்டாம் அம்மா. பழையவற்றில் பல, அழுத்தத்தைக் கூட்டித் தருமே தவிர, அளவு மீறினால் துண்டிக்காது. உள்ளே அழுத்தத்தை மாற்றிவிடும் ரிலே என்ற சுவிட்சும் உப்பேறித்தான் இருக்கும். தொலைக்காட்சிக்கென்றே விற்கும் சிறியது போதும். மூன்றடி உயரம் சரியானதுதான், ஆனால் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டும் என்பதால் அடிப்பக்கத் திருகுகளையும் மறக்காமல் முடுக்கச் சொல்லுங்கள். மாட்ட வருபவர் சாதாரண இரும்புத் திருகு கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாக நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.