‘ஹீட் இண்டெக்ஸ்’: ‘புழுக்க வெப்பநிலை’ என்ற சொல்லை முன்வைத்து

அன்புடையீர், வணக்கம்.

வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடலுக்கு எவ்வளவு வெப்பமாகத் தோன்றும் என்பதைக் காட்டும் ‘ஹீட் இண்டெக்ஸ்’ (heat index) என்ற அளவுக்குத் தமிழில் இதுவரை வெப்பச் சுட்டெண், உணர்வெப்பம், தோற்ற வெப்பநிலை என்ற மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. வட தமிழகக் கடலோரத்துக்கு மே, ஜூன் மாதங்களில் எழுதப்படும் வானிலைக் குறிப்பில் இவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தேன், மூன்றுமே இடறின. ஆகவே ‘புழுக்க வெப்பநிலை’ என்ற நான்காவது சொல்லை முன்மொழிகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். காற்றின் வெப்பநிலையையும் ஒப்பு ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, நிழலில் இலேசான காற்றில் நிற்பவரின் உடல் எத்தனை டிகிரி வெப்பத்தில் இருப்பதாக உணரும் என்று சொல்வதே இந்த அளவு. வேலூரில் பிற்பகலில் 40 டிகிரி செல்சியஸும் 25 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் இந்த அளவு ஏறத்தாழ 41. அதே வேளையில் எண்ணூரில் 35 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் 45. வெப்பமானியை மட்டும் பார்ப்பவர் எண்ணூர்க்காரர் கொடுத்துவைத்தவர் என்பார். எண்ணூர்க்காரரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் சொல் ஆராய்ச்சிக்கு உரியதன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, கடலோர நிலையம் ஒன்றில் வெப்ப அலை என்று அறிவிக்க அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 37 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியும் இருக்க வேண்டும். மேலே சொன்ன எண்ணூர் பிற்பகல் இந்த வரையறைக்குள் வராது. அறிக்கைகளில் அத்தகைய நாளுக்கு ‘அதிக வெப்பநிலை, அதிக ஈரப்பதம் காரணமாக அசௌகரியம் ஏற்படலாம்’ என்ற வாசகமே கிடைக்கிறது. ‘அசௌகரியம்’ என்றால் இருக்கை சரியில்லை, பேருந்தில் இடமில்லை என்ற அளவுக்குத்தான் நம் காதில் விழுகிறது. இந்தக் கணக்கீட்டை அத்துறை 2023ஆம் ஆண்டு முதல் சோதனை முறையில் வெளியிட்டு வருவதால், நல்ல பெயரொன்று இனிமேலும் தள்ளிப்போகக் கூடாது.

‘வெப்பச் சுட்டெண்’ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. சுட்டெண் என்றால் விலைவாசிச் சுட்டெண் போல அலகில்லாத எண் என்றே வாசகர் கொள்வார். இதுவோ டிகிரியில் சொல்லப்படுவது. மேலும், அந்தச் சொல்லில் ஈரத்துக்கு இடமேயில்லை. ‘உணர்வெப்பம்’ அழகான சொல்தான். ஆனால் இயற்பியலில், நீர் ஆவியாவது போன்ற நிலைமாற்றத்தில் வெப்பநிலையை மாற்றாமல் அடங்கும் உள்ளுறை வெப்பத்துக்கு எதிரிணையாக, வெப்பநிலையை மாற்றும் வெப்பத்தைக் குறிக்க அதை முன்பே எடுத்தாண்டுவிட்டார்கள். இடிமழையைப் பற்றிய ஒரே பத்தியில் இரண்டு பொருளிலும் அது வரக்கூடும் என்பதால் குழப்பம் உறுதி. ‘தோற்ற வெப்பநிலை’ கண்ணுக்குரிய சொல். வியர்வைக்கும் தோற்றத்துக்கும் தொடர்பில்லை.

இனி ‘புழுக்கம்’. வெயில், அனல், வெக்கை, புழுக்கம் ஆகியவற்றை நம்மவர்கள் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. சென்ற ஜூனில் ஒரு நாள் திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடி நிழலில் இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்திரியைச் சுற்றி வைத்திருந்தேன். மாலை நான்கு மணிக்கு உலர்குமிழ் 34, ஈரக்குமிழ் 28 காட்டின. ஈரப்பதம் 63 விழுக்காடு, ஹீட் இண்டெக்ஸ் 43 என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், காலையில் காயப்போட்ட துணியைத் தொட்டுப் பார்த்த அம்மா, “வெயிலே இல்லடா, ஆனா என்னமா புழுங்குது பாரு” என்றார். கொடியில் கிடந்த துண்டின் ஓரம் அப்போதும் ஈரமாகவே இருந்தது.

நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைத்தால் புழுங்கல். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால்தான் அந்த வினை நிகழும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நாம் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. மார்கழி விடியலில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தாலும் அதை யாரும் புழுக்கம் என்பதில்லை. ஆகவே, காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலைக்கு (dew point) இச்சொல்லைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லப்படும் யோசனையை நான் ஏற்கவில்லை. இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும்: இந்தக் கணக்கீட்டுக்கு அடிப்படையாக அமைந்த, 1979இல் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே ‘புழுக்கத்தை மதிப்பிடுதல்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. ‘ஹீட் இண்டெக்ஸ்’ என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். நாம் அந்தப் பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை.

‘மனப்புழுக்கம்’ என்ற வழக்கு இருப்பதால் அறிவியலுக்கு ஒவ்வாது என்ற மறுப்பு வலுவற்றது. மன அழுத்தம் என்ற சொல் இருப்பதால் காற்றழுத்தத்தைக் கைவிட்டோமா?

இடிமழைக் குறிப்பிலும் இச்சொல் கைகொடுக்கும். கடற்காற்று கொண்டுவரும் ஈரம் உள்நாட்டு மேற்குக் காற்றோடு முட்டும் இடத்தில், அதாவது திருத்தணி, அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கங்களில், மாலையில் முகில் எழும்பி, மேற்குக் காற்றின் போக்கிலேயே இரவில் சென்னை நோக்கி நகர்வது ஜூன், ஜூலையில் நாம் அடிக்கடி காண்பது. ‘இப்படிப் புழுங்கினால் மழை வரும்’ என்று சொல்பவர்கள் அந்த ஈரத்தைத்தான் தோலால் அளக்கிறார்கள். புழுங்கிய நாளெல்லாம் மழை பெய்வதில்லை என்பது வேறு. மேலடுக்கில் வெப்பமான வறண்ட காற்று மூடிபோல் கிடந்தால் முகில் எழும்பாது, புழுக்கம் மட்டுமே மிஞ்சும்.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாரீரப்பதன், பனிபடுநிலை, மேற்காவுகை என்று உங்கள் பாடநூல்களில் நிலைபெற்ற சொற்களை மாற்றச் சொல்லவில்லை. அவற்றுக்கு இணையாக ஒப்பு ஈரப்பதம், பனிநிலை, வெப்பச்சலனம் (சூடான காற்று மேலெழுவது) என்று இங்கே முறையே வழங்குவனவும் அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு சொல்லுக்கு இரு கரையிலும் இன்னும் பெயர் உறையவில்லை என்பதால் சேர்ந்தே தேர்ந்துகொள்ளலாம்.

வாசகத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: ‘திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் அதிகபட்ச வெப்பநிலை 36 டிகிரியை ஒட்டியும், புழுக்க வெப்பநிலை 45 டிகிரியை ஒட்டியும் இருக்கும், உள் பகுதிகளில் மாலை அல்லது இரவில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்புண்டு.’

ஈரக்குமிழ் வெப்பநிலை என்பது வேறோர் அளவு. அதனோடு இதைக் கலக்கக் கூடாது. நிலப்படத் தலைப்புகளில் இடம் போதாது என்று வரைபடம் செய்வோர் கூறுவதால், ‘புழுக்கநிலை’ என்று சுருக்கலாமா, அல்லது முழுச்சொல்லையே எங்கும் வைத்திருக்கலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உள்ளது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.